எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு அம்மா என்னைக் 'கூறுகெட்ட மனுசன்' என்று திட்டினார். எதிரில் உட்கார வைத்து, கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திட்டினார்.

திட்டு எனக்குத்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் முதலில் தெரியவில்லை. தெரிந்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திட்டு வாங்குவது பத்திரிகைக்காரனுக்குப் புதுசா என்ன? கவுன்சிலர் திட்டியிருக்கிறார். அவரைத் தோற்கடித்தவரும் திட்டியிருக்கிறார். எல்லாம் மறுநாள் காலை மறந்துபோகும். இது மட்டும் போகவில்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு செய்தி இணையதளம் நடத்துகிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி — ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், ஆபீஸைக் கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் நானே. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், வாரத்துக்கு ஒரு தண்ணீர் கேன். கேன் போடுகிறவர் 'வாரேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போவார். சில நாட்களில் நான் கேட்கிற ஒரே மனிதக் குரல் அதுதான்.

தளத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் பலகை உண்டு. இந்த நொடியில் எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன். சில நாள் முப்பது, நாற்பது. சில நாள் 'ஒன்று'. யாரப்பா அந்தப் புண்ணியவான் என்று ஆசையாகத் தேடிப் பார்த்தால்... அது நான்தான்.

இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால்தான் தளத்தைப் புதுசாக வடிவமைக்கலாம் என்று முடிவெடுத்தேன். நண்பர் ஒருவர் கோகிலாவின் நம்பரைக் கொடுத்தார். பல வருஷம் பெங்களூரில் இந்த வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒட்டன்சத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர். இரண்டு பிள்ளைகளின் அம்மா. போனில் பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்கும்.

எனக்கு என்ன நினைப்பு? நல்ல கலர், பெரிய எழுத்து, மேலே தளத்தின் பெயர் பளபளவென்று. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் கோகிலா கலரைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஏனுங்க சார், உங்க வாசகர் உங்க சைட்டுக்கு எதுக்கு வர்றாங்கன்னு தெரியுங்களா?"

"செய்தி படிக்கத்தான்."

"அது உங்களுக்கு வேணுங்கறது. அவங்களுக்கு என்ன வேணும்?"

முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் தெரியாததால் கோபம் வந்தது. கோகிலா கோபத்தைக் கண்டுகொள்ளவில்லை. தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்னென்ன தட்டிப் பார்க்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து அனுப்பினார். என் தலையங்கத்தை ஒருவரும் தேடவில்லை. தேடியதெல்லாம் இரண்டு விஷயம். ஒன்று, நாளைக்கு எங்கே கரண்ட் கட். இரண்டு, யார் செத்துப்போனது.

'காலமானார்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்றால், முகப்பில் கடைசியில், சினிமாவுக்கும் கீழே. அங்கேதான் கூட்டம். ஆனால் வந்த வேகத்தில் எல்லோரும் திரும்பிப் போகிறார்கள்.

"வந்த விஷயம் கிடைச்சுப் போறாங்களா, கிடைக்காமப் போறாங்களான்னு இந்தக் கணக்குல தெரியாதுங்க சார். நேர்ல போய் உட்காந்து பாருங்க. நீங்கதான் ஓனர்னு சொல்லாதீங்க, சொன்னா புகழ்ந்துருவாங்க. போனை அவங்க கையில விட்டுருங்க. நீங்க வாயே தொறக்கக் கூடாது."

"வாயே திறக்காமல் நான் எதுக்கு?"

"பாக்கறதுக்குங்க."

அப்புறம் இன்னொரு கேள்வி கேட்டார். வாசகர்கள் எழுதிய கருத்துகள் ஏகப்பட்டது அனுமதிக்காகக் காத்துக் கிடக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? ஒரு தேர்தல் சமயத்தில் கெட்ட வார்த்தைகளாக வந்து குவிந்ததால், நான் பார்த்து அனுமதித்தால்தான் வெளியாகும் என்று மாற்றி வைத்திருந்தேன். அதோடு சரி. பார்க்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. "எல்லாத்தையும் அழிச்சிடும்மா" என்றேன்.

கோகிலா மூன்று வாசகர்களின் பெயரை மட்டும் அனுப்பி வைத்தார். நத்தத்தில் ஒரு மாங்காய் வியாபாரி. எரியோட்டில் ஒரு தக்காளி விவசாயி. மூன்றாவது, ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் பூ விவசாயம் செய்கிற பாண்டியம்மாள்.

நத்தத்துக்குப் போனேன். வியாபாரி கரண்ட் கட் செய்தியைத் தேடினார். ஒரு விளம்பரம் வந்து திரையை மறைத்தது. அதைத் தள்ளினார், இன்னொன்று வந்தது. 'அந்த மூலையில் பெருக்கல் குறி இருக்கு பாருங்க' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லக் கூடாதே! கடைசியில் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கரண்டு போனா தெரிஞ்சுக்கிறேன், விடுங்க" என்றார்.

எரியோட்டுக்குப் போனேன். விவசாயி என் தலையங்கத்தைக் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளி விட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது ஊருக்கு மட்டும் போகவில்லை. தலைவலி என்றேன். அடுத்த நாள் மழை என்றேன். ஒட்டன்சத்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இங்கே மழை இல்லை என்று தெரியாதா?

ஏன் போகவில்லை? இதை நான் இந்தப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மனைவி செல்வராணி கிராம சுகாதார செவிலியர். இருபத்தாறு வருஷம் ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் வேலை. காலையில் பஸ்ஸில் போவாள், பொழுது சாய வருவாள். தடுப்பூசி, பிரசவம், சத்து மாத்திரை என்று எந்த வீட்டுக் கதவையும் தட்டுகிற உரிமை அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்த ஊர்க் கதைதான். யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை... நான் செய்தி அடித்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன். அந்த ஊர்களுக்கு நான் ஒரு தடவைகூட அவளோடு போனதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளே அவளுக்குப் போதும் போல இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பழனி ரோட்டு வாடகை வீட்டை விட்டுவிட்டு, நத்தம் ரோட்டில் சொந்தமாக ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். அதற்குள் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று பால் காய்ச்சினோம். "உடம்பு தேறட்டும், எங்க ஊரு ஆளுகளை எல்லாம் கூப்பிட்டுச் சோறு போடணும்" என்றாள். தேறவில்லை. மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில், ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இரங்கல் செய்தி எழுதுகிறவன் பெண்டாட்டிக்கு எழுத மாட்டானா? அழுதுகொண்டே எழுதினேன். எட்டுப் பத்தி. அவள் எப்படிச் சிரிப்பாள், மழையில் நனைந்தபடி எப்படித் தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து போவாள், எல்லாம் எழுதினேன். மற்ற இரங்கல் செய்திகளைப் போலவே எழுதியவர் பெயர் போடவில்லை. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

பந்தல்காரர் நூறு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "நர்ஸம்மாவுக்கு நூறு பத்துமா சார்?" என்று வேறு கேட்டார். வந்தவர்கள் பதினேழு பேர். அவளுடைய தங்கை குடும்பம், பழைய பத்திரிகை நண்பர்கள், பக்கத்து வீட்டார். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு ஆள்!

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு எடுத்தோம். பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு அந்த ஊர்களின் மேல் ஒரு வன்மம் வந்தது. இருபத்தாறு வருஷம் ஓடி ஓடிச் செய்தாளே, ஒரு மாலை போட நேரமில்லையா? அதற்குப் பிறகு அந்தத் திசைக்கே நான் போனதில்லை. தளத்தில் அந்த வட்டாரச் செய்தியும் குறைந்துபோனது. அதுவாகக் குறையவில்லை, நான் குறைத்தேன். அங்கே கண்மாய் நிரம்பினால் ஒரு வரி. பஸ் வராவிட்டால் அந்த ஒரு வரியும் கிடையாது. இதையெல்லாம் பழிவாங்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாருக்கும் அது தெரிந்திருக்காது.

கோகிலா விடவில்லை. "அங்க போகலைன்னா நான் டிசைன் பண்ண மாட்டேனுங்க சார்" என்று சொல்லிவிட்டார். போனேன்.

பாண்டியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். காலையில் பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்குச் சற்று ஓய்வாக இருந்தார். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

"வெப்சைட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்மா. நீங்க எப்பவும் என்ன பாப்பீங்களோ அதைப் பாருங்க, போதும்" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்க அனுமதி இல்லை.

பெருவிரலால் முகப்பைச் சரசரவென்று கீழே தள்ளினார். அரசியல் போயிற்று, விபத்து போயிற்று, சினிமா போயிற்று. அடியில் போய் 'காலமானார்' பக்கத்தைத் திறந்தார்.

"இதுக்குத்தான் சார் நாங்க இதுல பாக்குறது. டவுன்ல தெரிஞ்சவுக, பூக் கமிஷன் கடைக்காரவுக யாரும் செத்துட்டா நமக்கு யாரு வந்து சொல்லுவா? கேதத்துக்குப் போகாம விட்டா நல்லாவா இருக்கும்? ஆனா பாருங்க, இதுல எல்லாம் இருக்கும். நல்லவரு, வல்லவரு, அன்பானவருன்னு. எத்தன மணிக்கு எடுக்குறாக, வீடு எங்க இருக்கு... அது மட்டும் இருக்காது. அவரு நல்லவருன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுனாலதான கெளம்புறோம்!"

நோட்டில் எழுதிக்கொண்டேன். நேரம். இடம். நல்ல யோசனைதான். அப்போதுதான் காபி வந்தது.

"இப்படித்தான் சார், எங்க நர்ஸம்மா செத்தப்ப..."

பேனா நின்றுவிட்டது.

"இந்த ஊர்ல பாதிப் புள்ளைக அந்தம்மா கையில பொறந்ததுக. எம்மகளும்தான். செய்தி இதுலதான் வந்துச்சு. எம்மக வாசிச்சுச் சொன்னா. நாலு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டோம் சார். அம்புட்டு நல்லா எழுதியிருந்துச்சு, எல்லாரும் அழுதுட்டோம். ஆனா எங்க போகணும்னு ஒரு வார்த்த இல்ல. எந்தக் கூறுகெட்ட மனுசன் எழுதுனானோ!"

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழனி ரோட்டு வீடு எங்களுக்குத் தெரியும். வேன் பிடிச்சு இருவது பேரு போனோம். பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்ல கேட்டா, நத்தம் ரோட்டுப் பக்கம் போயிட்டாக, வீடு தெரியாதுன்னாக. நத்தம் ரோடுன்னா அது என்ன சின்ன ரோடா? நத்தம் வரைக்கும்ல போகுது! எங்கிட்டாச்சும் பந்தல் தெரியுதா, கொட்டுச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே போனோம். ஒண்ணும் இல்ல."

பந்தல் சந்துக்குள் போட்டிருந்தது. ரோட்டிலிருந்து தெரியாது. கொட்டு வைக்க வேண்டாம் என்று சொன்னது நான். அவளுக்குச் சத்தம் பிடிக்காது.

"நர்ஸம்மா போனுக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃபு. அவுக வீட்டுக்காரரு நம்பரு யாருக்குத் தெரியும்? அவரு இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. கடைசிக்கு இந்த வெப்சைட்லயே எம்மக கேட்டா. 'எங்க வரணும், எத்தன மணிக்கு எடுக்குறீக'ன்னு டைப் பண்ணிப் போட்டா. ஆசிரியர் பார்த்த பிறகு வெளியாகும்னு வந்துச்சு. அந்த ஆசிரியரு இன்னும் பாக்கல போல."

சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு மணி வரைக்கும் சுத்துனோம். அப்பறம் மாலையக் கொண்டுபோயி அந்தப் பூட்டுன கேட்டுலயே மாட்டிட்டு வந்தோம். எங்க காட்டுல வெளஞ்ச செவ்வந்தி சார் அது. துக்கம் விசாரிக்காம, கேதம் கேக்காமயே விட்டுப்போச்சு. இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல."

எங்கள் வாசலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது, இருபது பேர் மாலையோடு அதே ரோட்டில் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எட்டுப் பத்தி எழுதினேன். ஒன்பதாவதாக ஒரு வரி எழுதவில்லை. எழுத மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீடு எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு வழி சொல்லக்கூடிய ஒரே ஆள் பந்தலுக்குள் படுத்திருந்தாள்.

கோகிலா சொன்ன விதியை மீறினேன்.

"அம்மா... அந்தக் கூறுகெட்ட மனுசன் நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சார்?"

"எழுதினது நான்தான். நர்ஸம்மா என் வீட்டுக்காரி."

பாண்டியம்மாள் எழுந்துவிட்டார். "ஆத்தாடி... அண்ணே!" என்றார். அதுவரை சார் என்று அழைத்தவர் அவர். என்னென்னவோ சொல்ல வந்தேன். கண்ணீர்தான் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்கன வச்சு வேணாம்ணே. எங்க வீட்டு வாசல்ல வச்சுக் கேதம் கேக்கக் கூடாது. மொறையில்ல. நாங்கதான் வீடேறி வந்து கேக்கணும்."

"ரெண்டு வருசம் ஆச்சேம்மா..."

"ஆனா என்ன? கேக்காத கேதம் கேக்காததுதான். செவ்வா, சனி ஆகாது. புதன்கிழம வாரோம். அட்ரசச் சொல்லுங்க."

போனில் தட்டிக்கொள்ள மகளைக் கூப்பிட்டார். நான் வழி சொன்னேன். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்கு வழி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே கோகிலாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கருத்தெல்லாம் அழிச்சிட்டியாம்மா?"

இன்றைக்குப் பின்னால் குக்கர் விசில் இல்லை.

"இல்லீங்க சார். ஒருத்தர் எழுதுனதைப் படிக்காம அழிக்க மனசு வரலீங்க. எல்லாத்தையும் படிச்சேன். அதுல பாத்துத்தான் பாண்டியம்மா மகளோட நம்பரைத் தேடிப் பிடிச்சேன். அது உங்க வீட்டம்மான்னு உங்க நண்பர் சொல்லியிருந்தாருங்க. உங்ககிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரலீங்க சார். அதுதான் போய்ப் பாருங்கன்னேன்."

அன்று மாலை ஆபீஸில் உட்கார்ந்து அந்தக் கருத்துகளைத் திறந்தேன். செல்வராணியின் பக்கத்துக்குக் கீழே இருந்தவை மட்டும்.

'எங்கே வரணும்?'

'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?'

'பழனி ரோடு வீடு பூட்டி இருக்கு. யாராவது சொல்லுங்க.'

'நாங்க நத்தம் ரோட்டில் நிக்கிறோம்.'

எல்லாம் அன்றைக்குக் காலை பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள் வந்தவை. என் முன்னால் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் நான் இடையிடையே பகிர்வுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் படித்தும் ஒருவரும் வரவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன். ஒவ்வொரு கருத்துக்கும் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பந்தல்காரருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். இருபது நாற்காலி? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் வராமல் போய்விட்டால்... மறுபடியும் காலி நாற்காலிகளைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டே இரண்டு. அதில் ஒன்றின் மேல் இரண்டு வருஷமாகப் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறேன். அதை மட்டும் எடுத்துக் கீழே வைத்தேன்.

நேற்று, புதன்கிழமை, பத்தரை மணிக்குச் சந்து முனையில் ஒரு வேன் வந்து நின்றது.

எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஹால் நிறைந்தது, படிக்கட்டு நிறைந்தது, வாசலிலும் நின்றார்கள். எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். நான் 'வாங்க' என்று சொல்லவில்லை. கேதத்துக்கு வந்தவர்களை அப்படிக் கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். பெண்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். நேற்றுப் போனவளுக்கு அழுகிற அழுகை அது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு நகர்ந்தார்கள்.

ஒரு அம்மா மட்டும் பேசினார். "இவன் வயித்துல தல திரும்பாம இருந்தான். நர்ஸம்மாதான் எங்கூட ஆம்புலன்ஸ்ல ஏறி, பெரியாஸ்பத்திரி வரைக்கும் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாக." பக்கத்தில் மீசை வைத்த ஒரு வாலிபன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கதையை செல்வராணி என்னிடம் சொல்லியிருப்பாள். நான் 'ம்' கொட்டியிருப்பேன்.

ஒரு மணி நேரம் இருந்தார்கள். தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கேதத்துக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லவில்லை. பாண்டியம்மாள் மட்டும் கேட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். பழக்கத்தில் 'வா...' என்று வாயில் வந்துவிட்டது. சட்டென்று உதட்டை மூடிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வீடு இதற்கு முன்னால் இருந்ததைவிடக் காலியாக இருந்தது. ஆனால் வன்மம் இல்லை. இரண்டு வருஷமாக எனக்குத் துணை என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. இனி அவளுக்காக மட்டும்தான் அழ வேண்டும்.

புதிய தளம் தயாராகிக்கொண்டிருக்கிறது. 'காலமானார்' பக்கம் முகப்பில் மேலே வந்துவிட்டது. செய்தி அனுப்புகிறவர்கள் நிரப்ப ஒரு படிவம். முதல் கட்டம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். அடுத்தது, வீட்டுக்கு வழி. அடுத்தது, எடுத்துப் பேசுகிற ஒருவரின் போன் நம்பர். இந்த மூன்றையும் நிரப்பாவிட்டால் செய்தி போகாது. இறந்தவரைப் பற்றி எழுதக் கடைசியில் ஒரு பெரிய கட்டம் உண்டு. அதை நிரப்பாவிட்டாலும் போகும். இப்படி வைக்கச் சொன்னது நான்தான். கோகிலாவே, "எழுத்தாளரு நீங்க இப்படிச் சொல்றீங்களேங்க சார்!" என்று ஆச்சரியப்பட்டார்.

பழைய செய்திகளையும் அந்தப் படிவத்துக்கு மாற்றினோம். செல்வராணியின் பக்கத்தில் எட்டுப் பத்தியும் கடைசிக் கட்டத்துக்குப் போயின. போன் கட்டத்தில் கோகிலா என் நம்பரைப் போட்டுவிட்டார். மேலே மற்ற இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. "ரெண்டு வருசத்துக்கு முந்தினதுதானுங்களே சார், விட்டுரலாம்" என்றார் கோகிலா. விட மனசில்லை. இன்று காலை நானே நிரப்பினேன்.

நேரம்: எடுத்தாயிற்று. நான் மட்டும் வீட்டில் இருக்கிறேன்.

வழி: நத்தம் ரோடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, கடைசியில் பச்சைக் கேட். ரோட்டிலிருந்து தெரியாது. உள்ளே வர வேண்டும்.